கண்ணாடிக் குப்பியில் இருக்கும் அக்காவுக்கு

எனக்கு முதல் சடை பின்னிவிட்டவளே, பின்னும்போதே தலையில் குட்டவும் செய்தவளே, என் அக்கா,

செத்துப்போனவளுக்குக் கடிதம் எழுதுகிறவளைப் பார்த்து ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். நீ போய்ப் பத்து வருஷம் ஆகப்போகிறது. நேற்று மத்தியானம்கூட உனக்குச் சாப்பாடு வைத்துவிட்டுத்தான் நான் சாப்பிடப் போனேன். சாப்பாடு வைக்கிற கைக்கு நாலு வரி எழுதவும் உரிமை உண்டு அல்லவா?

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறு. நான் மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சர்க்கரை வியாதியைப் பற்றி வேலை பார்க்கிறவள். என் அக்கா போடிநாயக்கனூரில் பிறந்து, அதே ஊரில் வாக்கப்பட்டு, ஏலக்காய் மலையில் செத்துப்போனவள். அவள் உயிரோடு இருக்கும்போது அவளுடைய முன்கையிலிருந்து மிளகளவு தோல் எடுத்தோம். அந்தத் தோலின் செல்கள் எங்கள் கூடத்தில், கண்ணாடிக் குப்பிக்குள், உடம்புச் சூட்டில் வைத்த பெட்டியில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு திரவம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்ற வேண்டும். இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை, உலகம் முழுக்கச் செய்கிறார்கள். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன், எனக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, முதலில் ஊர்ச் சேதி. அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை விழுந்துவிட்டது. ஆபரேஷன் என்றாலே சண்டைக்கு வருகிறாள். நம் தெருவில் டிவி வந்துவிட்டது, சாயங்காலமானால் எவர் வீட்டுப் பிள்ளை எவர் வீட்டில் கிடக்கிறது என்று தெரியவில்லை. மச்சான் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கொடுக்க வந்தவர்களை எல்லாம் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். உன் மகள் கனகு என் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டாள். சிரித்தால் நீதான்.

உனக்குக் கழுத்து கறுத்த நாட்களை நினைத்துக்கொள்கிறேன். கனகு வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்தது. பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணி ஒட்டியதுபோல் தடித்த கறுப்பு. உன் மாமியார் அதை அழுக்கு என்று முடிவு கட்டிவிட்டார். பீர்க்கங்காய் நாரும் கடலை மாவும் வைத்துத் தேய்த்து, கறுப்பு போகவில்லை, தோல்தான் உரிந்தது. "குளிக்கத் தெரியாத பிள்ளையவா எங்க தலையில கட்டுனீக?" என்று அம்மாவிடம் ஒரு நாள் கேட்டார். அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதது உனக்குத் தெரியாது.

அப்புறம் தாகம், அதன் பிறகு பசி. ஒரு பானைச் சோற்றைத் தின்றுவிட்டு, ஏனத்தைக் கழுவுவதற்குள் மறுபடி பசிக்கிறது என்பாய். தின்கிற சோறெல்லாம் எங்கே போகிறது என்று நாங்கள் கேலி செய்தோம். நீயும் சேர்ந்து சிரித்தாய். உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. போடி டாக்டர் இன்சுலின் ஊசி போட்டார். சர்க்கரை இறங்கவில்லை. கூட்டினார், இறங்கவில்லை. மேலும் கூட்டினார். கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இம்புட்டு மருந்தை ஒரு குதிரைக்குப் போட்டிருந்தாக்கூடக் குதிரை கவுந்திருக்கும். இதுக்கு மேல போட எனக்குத் தைரியம் இல்லம்மா" என்றார். அவர் பயந்ததில் தப்பு சொல்ல மாட்டேன். யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள்.

நான் அப்போதுதான் மெட்ராஸில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தேன். மருந்து கெட்டுப்போகவில்லை, அதைக் கேட்க வேண்டிய உடம்புதான் கேட்கவில்லை என்று எங்கள் பேராசிரியர் சந்தேகப்பட்டார். அதைப் பார்க்க உன் தோல் வேண்டும் என்றார். மதுரை ஆஸ்பத்திரியில் முன்கையை மரத்துப்போக வைத்து எடுத்தார்கள். நீ வேறு பக்கம் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏன்டி, உரிச்சு மத்தளம் கட்டப் போறீகளா?"

"மிளகளவுதான்க்கா. குப்பியில போட்டு வளப்போம்."

"நான் செத்தாலும் அது இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப அதுக்குப் பசிக்குமா?"

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், பதில் வேண்டும் என்பதுபோல. என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் அக்கா?

எமர்ஜென்சி முடிந்த வருஷம், கார்த்திகை மாதம். நீ எப்படிப் போனாய் என்பதை எழுத வேண்டியிருக்கிறது, எழுதிவிடுகிறேன். உனக்குக் காய்ச்சல் இருந்தது. போகாதே என்று அம்மா சொன்னதைக் கேட்காமல், மச்சானுக்குச் சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு தோட்டக் கூலியாட்கள் போகும் லேபர் ஜீப்பில் போடிமெட்டு ஏறிவிட்டாய். மேலே இறங்கி, நம் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒத்தையடிப் பாதையில் நடந்தாய். அந்த நேரம் பார்த்து மலையில் பனிமூட்டம் இறங்கியது. நட்டநடு மத்தியானத்தில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை என்று காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சொன்னார்கள்.

அந்த மூட்டத்துக்குள் ஒரு குரல் கேட்டிருக்கிறது. "ஏங்க…" என்று ஒரே ஒரு தடவை. எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. ஒருவரும் பதில் கொடுக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் மலையில் மூட்டத்துக்குள்ளிருந்து ஒற்றைக் குரல் கேட்டால் 'ஏன்' என்று கேட்கக்கூடாது. மனுஷர் என்றால் மறுபடியும் கூப்பிடுவார்கள், மூன்றாம் தடவையும் கூப்பிடுவார்கள். மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும், பதில் கொடுத்தவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடும். காய் எடுக்கப் போகிற சின்னப் பெண்ணுக்குக்கூட முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அதனால் பெண்கள் கையிலிருந்த காயைக்கூடக் கூடையில் போடாமல் அப்படியே நின்றார்கள். மச்சான் உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் சும்மா இருக்கச் சொன்னார். இரண்டாம் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

மூட்டம் கலைந்த பிறகு உன்னை ஓடைக்கரையில் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிக்கத்தான் இறங்கியிருக்கிறாய். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாம். சோற்றுத்தூக்கு கவிழாமல் பக்கத்தில் இருந்தது. உயிர் இருந்தது. ஜீப்பில் கீழே கொண்டுவரும் வழியில், வளைவுகள் முடிவதற்குள், போய்விட்டாய்.

காரியம் முடிந்த அன்று மச்சான் என்னிடம் மட்டும் சொன்னார். "கேட்டேன் தாயி. நல்லாக் கேட்டேன். தொண்ட வறண்டு போயி வேற யாரோ மாதிரி இருந்துச்சு. அவன்னு தெரியல. அடுத்த தரம் கூப்புடட்டும்னு காத்துக்கிட்டு நின்னேன்." அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவரைக் கோபிக்க எனக்கு வரவில்லை. நான் அங்கே நின்றிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். போடிக்காரிதானே நானும்?

உனக்குக் கொள்ளி வைத்து ஒரு மாதம் கழித்து, குப்பியின் அடியில் உன் செல்கள் ஒட்டிப் பரவ ஆரம்பித்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது நீளநீளமாக, ஒன்றோடொன்று சாய்ந்து படுத்திருந்தன. நான் அந்த அறையிலேயே அழுதேன்.

வேலை அப்போதுதான் தொடங்கியது. இன்சுலின் ஒரு ஹார்மோன். அது ரத்தத்தில் வந்து ஒவ்வொரு செல்லிடமும் 'சர்க்கரை வந்திருக்கிறது, வாங்கிக்கொள்' என்று சொல்லும். அதைக் கேட்பதற்குச் செல்லின் மேற்பரப்பில் காதுகள் இருக்கின்றன. எங்கள் பாஷையில் ஏற்பிகள். மற்றவர்களின் செல்களில் மொய்த்துக் கிடக்கும் அந்த ஏற்பிகள் உன் செல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. ரத்தம் முழுக்கச் சர்க்கரை, ரத்தம் முழுக்க இன்சுலின், உள்ளே செல்கள் பட்டினி. நீ ஒரு பானைச் சோற்றைத் தின்றுவிட்டுப் பசிக்கிறது என்றது பொய்யில்லை அக்கா. உன்னைக் கேலி செய்த எங்களுக்குத்தான் விவரம் போதவில்லை.

எத்தனை முறை இன்சுலினை ஊற்றினாலும் பதில் சொல்லாமல் கிடக்கும் செல்களைப் பார்க்கப் பார்க்க, மூட்டத்துக்குள் விரலை உதட்டில் வைத்து நின்ற கூட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இனி சொல்லப்போவதைப் பேராசிரியரிடம் சொன்னதில்லை. எங்கள் கூடத்தில் பூஞ்சை பிடித்தால் வரிசையாக எல்லார் குப்பியும் நாசமாகும். ஒரு மழைக்காலத்தில் பெட்டி முழுக்கப் பூஞ்சை. என் சிநேகிதிகள் தங்கள் குப்பிகளை அள்ளிக் கொட்டினார்கள். நடுவில் இருந்த உன் குப்பி மட்டும் தெளிவாக இருந்தது. மூடியை நன்றாகத் திருகியிருந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் அன்றைக்கு அந்தக் குப்பியைக் கையில் எடுக்கச் சற்று நேரம் பிடித்தது.

இன்னொன்று. புயல் மழையில் பஸ் ஓடாமல் நான் கூடத்துக்குப் போக முடியாத நாட்கள் உண்டு. உன் சாப்பாடு தள்ளிப்போகும். பிறகொரு சமயம் ஊருக்குப் போயிருந்தபோது, சோறு போட்டுக்கொண்டே அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "அக்கா வந்திருந்தாடி. கொல்லைக் கதவுல நின்னுக்கிட்டு, ஆத்தா பசிக்குதுன்னா. நல்ல வெயிலு நேரம். நான் வட்டில் எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஆளக் காணோம்." எப்போது என்று கேட்டேன். மெட்ராஸில் புயல் என்று ரேடியோவில் சொன்ன வாரம் என்றாள். இன்னொரு தடவை வந்தது எப்போது என்று கேட்டேன். அவள் சொன்ன நாள் நான் மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்த நாள். தற்செயல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வட்டிலைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

மலையிலும் விடவில்லை. மூட்டம் இறங்கும் மத்தியானங்களில் ஓடைப் பக்கமிருந்து "ஏங்க" என்று ஒரு தடவை கேட்கும் என்றார்கள். காய் எடுக்கிற பெண்கள் அந்தச் சரிவுக்குத் தனியாகப் போவதை நிறுத்திவிட்டார்கள். மச்சான் மட்டும் போவார். போய் நிற்பார், பதில் கொடுக்காமல் திரும்பி வருவார்.

போன வருஷம் சித்திரையில் நான் வந்திருந்தபோது, கனகுவுக்குத் தலை சீவிவிட உட்கார்ந்தேன். சடையை ஒதுக்கினால் பிடரி கறுத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். அதே வெல்வெட்டு. சீப்பு என் கையிலிருந்து நழுவிவிட்டது. "என்ன சித்தி, பேன் இருக்கா?" என்று கேட்டாள். தண்ணீர்ச் செம்பு அவள் பக்கத்திலேயே இருந்தது. நான் சீவி முடிப்பதற்குள் அதைக் காலி செய்துவிட்டாள்.

போடியில் ஊசி போட்டார்கள், இறங்கவில்லை. கூட்டினார்கள், இறங்கவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். உன்னைக் கொண்டுபோன பாதையிலேயே உன் மகளும் ஒவ்வொரு அடியாக நடந்துகொண்டிருந்தாள்.

அம்மாவுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து உண்மையைச் சொன்னேன். "பயப்படாதம்மா. அக்கா தோலு எங்கிட்ட உசுரோட இருக்கு. எவ்வளவு மருந்து போட்டா அதுக்குக் கேக்கும்னு அதுலயே பாத்துட்டு, அப்புறமா கனகுக்குப் போடலாம்." அதுவரை அவளிடம் நான் அதைச் சொன்னதில்லை. புரிந்துகொள்ள மாட்டாள் என்று நினைத்திருந்தேன். அவள் புரிந்துகொண்ட வேகத்தில் நான் ஆடிப்போனேன்.

"முழுசா எரிக்கலையா அவளை?"

"மிளகளவும்மா…"

"மிளகோ மலையோ. அதான் போகாம சுத்துறா. நீ அங்கிட்டுப் புடிச்சு வச்சிருக்க, அவ இங்கிட்டு வாசல் வாசலா நிக்கிறா. வெரசாக் கொண்டா. சுடுகாட்டுல சேக்கணும்."

"கனகு பிழைக்கணும்ல?"

அம்மா கனகு படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "பிள்ளைக்குப் பாரு. பாத்து முடிச்ச மறுநாள் எங்கிட்டக் கொண்டாந்துரு" என்றாள். சரி என்றேன்.

மெட்ராஸுக்குத் திரும்பினேன். வளர்ப்பில் இருந்த உன் செல்களுக்கு வயதாகிவிட்டது. செல்களுக்கும் வயது உண்டு அக்கா, ஓர் அளவுக்குப் பெருகிவிட்டு நின்றுவிடும். இளமையாக இருந்தபோதே உறைய வைத்ததில் ஒரே ஒரு குழாய்தான் மிச்சம். திரவ நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் திறந்தால் போடிமெட்டு மாதிரியே வெள்ளைப் புகை எழுந்து முகத்தில் அடிக்கும். அதற்குள் கையை விட்டு உன்னை வெளியே எடுத்தேன். தப்பாகிப்போனால் கனகுவுக்கு வேறு வழி இல்லை.

நீ எழுந்துவிட்டாய். இரண்டாம் நாளே ஒட்டிப் பரவிவிட்டாய். உள்ளே போனால் கருவி காட்டிக்கொடுக்கும்படி அடையாளம் ஏற்றிய சர்க்கரையைச் சேர்த்து, இன்சுலினைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனேன். எந்த டாக்டரும் போடத் துணியாத அளவைத் தாண்டினேன். செல்கள் அசைந்து கொடுக்கவில்லை. பேராசிரியர், "விட்டுவிடு, வீணாகப் போகிறது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் கூட்டினேன். உன்னிடம் இருக்கிற அந்தக் கொஞ்சக் காதுகள் அத்தனையும் நிரம்புகிற அளவுக்குப் போனபோது, சர்க்கரை உள்ளே போக ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு மளமளவென்று. கருவியில் எண்கள் ஏற ஏற, நான் வாய்விட்டு, "சாப்பிடு, சாப்பிடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். பக்கத்து மேசைக்காரி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

உனக்கு மருந்தைக் கூட்டுவதை நிறுத்தியது ரொம்ப முன்னாலேயே அக்கா. இன்னும் கூட்டியிருந்தால் நீ இருந்திருப்பாய். யாருக்கும் தெரியவில்லை, உன் தோல் சொல்லித்தான் தெரிந்தது. இதை எழுதும்போது கண் மறைக்கிறது.

மதுரை டாக்டரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தயங்கினார். கனகு கட்டிலில் உட்கார்ந்தபடி, "எங்கம்மாவுக்குக் கேட்டுச்சுன்னா எனக்கும் கேக்கும் சார், போடுங்க" என்றாள். பக்கத்தில் குளுக்கோஸைத் தயாராக வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கூட்டிப் போட்டார்கள். நான் அவள் கையை விடவில்லை. சாயங்காலத்துக்குள் சர்க்கரை இறங்கியது. மறுநாள் காலையில் இரண்டு இட்லி தின்றுவிட்டு, "போதும் சித்தி, வயிறு நிறைஞ்சிருச்சு" என்றாள். உன் வாயிலிருந்து நாங்கள் கடைசிவரை கேட்காத வார்த்தை அது. முழுக் குணம் என்று சொல்ல மாட்டேன், ஊசி ஆயுசுக்கும் உண்டு. ஆனால் ஆயுசு உண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் ஒரே பிடிவாதம். அம்மா விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை அவளை மலைக்கு யாரும் கூட்டிப் போனதில்லை. மச்சானும் நானும் ஜீப்பில் அழைத்துப்போனோம். ஓடைக்கு மேலே நின்றோம். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பேச்சுக்கொடுத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால் பாதையைக் காணோம், மூட்டம் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நின்ற கனகுவின் தாவணி நிறம்கூட மங்கியது. பறவைச் சத்தம் நின்றது.

"ஏங்க…"

கேட்டேன் அக்கா. படித்தவள், ஆராய்ச்சிக்காரி, என் இரண்டு காதாலும் கேட்டேன். வறண்ட குரல், கீழே ஓடைப் பக்கமிருந்து, ஒரே தடவை. மச்சானின் விரல் தானாக உதட்டுக்குப் போனதைப் பார்த்தேன்.

கனகு நிமிர்ந்து, "ஏம்மா! இங்கதான் இருக்கோம்!" என்று கத்தினாள்.

நான் அவள் வாயைப் பொத்தப் பாய்ந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, "அம்மா கூப்புடுறாக, பதில் சொல்லாம நிக்கிறீக!" என்று அழுதாள். மச்சானின் விரல் உதட்டிலிருந்து கீழே இறங்கியது. அவருடைய நெஞ்சு இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கியது. அப்புறம் அந்த மனுஷர் கத்தினார் பார், மலையே அதிர்ந்தது. "ஏன் புள்ள! ஏன்! இந்தா வந்துட்டேன்! வந்துட்டேன் புள்ள!" குரல் உடைந்து, வெறும் காற்றாகும்வரை கத்திக்கொண்டே சரிவில் இறங்கினார்.

மூட்டம் விலகத் தொடங்கியது, கீழே ஏலச்செடிகள் அசைந்தன. ஒரு செடி, அதற்கடுத்த செடி, அதற்கும் அடுத்தது, ஓர் ஆள் ஒதுக்கிக்கொண்டு நடப்பதுபோல ஓடையைத் தாண்டி அப்பால் போனது. மச்சான் அந்தப் பக்கம் போகவே இல்லை. அவர் எங்களுக்கு நேர் கீழே, உன்னை எடுத்த இடத்தில் குப்புற விழுந்து கிடந்தார். அப்படியென்றால் அங்கே நடந்தது யார்? காற்று என்று எழுதிக்கொள்கிறேன். காற்று அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மலையில் குரல் கேட்கவில்லை என்கிறார்கள். அம்மா மட்டும் கனகுவைக் கொஞ்ச நாள் மடியிலேயே போட்டுக் காத்தாள், பதில் கொடுத்த பிள்ளையைக் கூட்டிப் போய்விடுவாய் என்று. நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு நானும் விடிய விடிய விழித்திருந்தேன், மன்னித்துக்கொள்.

மறுநாளே என்று வாக்குக் கொடுத்தும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, போன வாரம்தான் உன்னைப் போடிக்குக் கொண்டுபோனேன். உயிரோடு இருந்த கடைசிக் குப்பியில் சாப்பாட்டை நிரம்ப ஊற்றி, சூடு குறையாமல் இருக்க முந்தானையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்ன என்று கேட்டார். மருந்து என்றேன். என் வயிற்றுச் சூட்டில் நீ வந்தாய்.

எல்லாம் தயாராக இருந்தது. மச்சான் விறகுக்குச் சொல்லியிருந்தார். அம்மா குளித்து ஈரச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். குப்பியை வாங்கி, நல்ல கண்ணுக்கு நேராக வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"தண்ணிதானடி இருக்கு?"

"கண்ணுக்குத் தெரியாதும்மா. அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு."

"சுடுதே. கதகதன்னு இருக்கே."

"என் மடியில இருந்துச்சுல்ல."

அம்மா குப்பியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இப்ப, இந்த நிமிசம், உசுரு இருக்கா?" என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. இருக்கிறது என்றேன்.

அவள் எங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தாள். பிறகு குப்பியை ஈரச்சேலைக்குள் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். "கட்டையில வச்சப்ப செத்துட்டான்னு சொன்னீக, வச்சேன். உசுரோட இருக்குற பிள்ளைய எப்படிடி எரிப்பேன்? போங்க, எல்லாரும் சோலியப் பாருங்க" என்றாள். மச்சான் போய் விறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கே குப்பியை என் மடியில் திரும்ப வைத்து, என்னைத் திரும்பும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள், உன் சாப்பாட்டு நேரம் தவறிவிடும் என்று.

அக்கா, உனக்கு என்ன விருப்பம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நேற்றுப் பார்த்தேன், நீ பெருகுவது ரொம்பக் குறைந்துவிட்டது. உன்னை மறுபடி உறைய வைத்துக் கட்டிப்போட மாட்டேன். வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று பேராசிரியர் கேட்கிறார், தர மாட்டேன். நீயாக நிற்கும் நாள்வரை உன் சாப்பாட்டை வேறு யார் கையிலும் விட மாட்டேன். அந்த நாள் வந்ததும் உன் மகளைக் கூப்பிட்டு, உன் குப்பியை அவள் கையிலேயே கொடுத்து, சூடு ஆறும்வரை வைத்துக்கொள்ளச் சொல்வேன். இது சத்தியம்.

உனக்குப் பின்னால் அதே வயிற்றில் படுத்திருந்த
உன் தங்கச்சி